முக்கால் ரேஸ் கேம்

மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்து, "சார், இந்த வருஷ மலருக்கு நீங்க கட்டாயம் எழுதணும்" என்றார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி யாராவது ஒருவர் வருடா வருடம் எழுதிவிடுகிறார். பிரின்சிபாலின் கோபத்தைப் பற்றியும் எழுதியாகிவிட்டது. "நான் என்னத்தை எழுதறது?" என்றேன். "நீங்க மெக்கானிக்கல்தானே சார், ஏதாவது இன்ஜின் பத்தி எழுதுங்களேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு மேஜையைப் பார்த்தேன். காகிதம் பறக்காமல் இருக்க நான் வைத்திருக்கும் இரும்புத் தண்டு கண்ணில் பட்டது. அது ஒரு கேம்ஷாஃப்ட். பழைய அம்பாசடர் காருடையது. நாங்கள் நாலு பேர் மாணவர்களாக இருந்தபோது, 1970-களின் நடுவில், சோழவரம் ரேஸுக்காகச் செய்துகொண்டது. அதில் எனக்கு ஒரு கடனும் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், இந்தத் தண்டின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கெமிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிடாமல் பொறுமையாக வரவும். எளிதாகத்தான் சொல்லப் போகிறேன்.

தண்டு செய்யும் வேலை

இன்ஜின் மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இழுக்க ஒரு கதவு, வெளியே விட ஒரு கதவு. இந்தக் கதவுகள்தான் வால்வுகள். அவற்றை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, எப்போது மூடுவது என்பதை முடிவு செய்வது கேம்ஷாஃப்டில் உள்ள முட்டை வடிவ மேடுகள். பட்டறையில் இதை மூக்கு என்பார்கள். நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு எட்டு மூக்கு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று.

பாடப் புத்தகத்தில் முதலில் என்ன படித்தோம்? பிஸ்டன் மேலே இருக்கும்போது இன்லெட் வால்வு திறக்கும், கீழே வந்ததும் மூடும் என்று. கிராங்க் கணக்கில் 180 டிகிரி. நிஜ இன்ஜினில் அப்படி நடப்பதில்லை. காற்றுக்கும் எடை உண்டு. ஓட ஆரம்பிக்க நேரம் எடுக்கும், ஓட ஆரம்பித்துவிட்டால் சட்டென்று நிற்காது. ஆகவே கொஞ்சம் முன்னாலேயே திறந்து, பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் திறந்தே வைத்தால், ஓடி வந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே புகும்.

இங்கேதான் சிக்கல். அந்த ஓட்டத்தின் வேகம் இன்ஜின் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. 6000 ஆர்.பி.எம்.-மில் காற்று வேகமாக வருவதால், வால்வைத் தாமதமாக மூடினால் லாபம். அதே வால்வு 1500-ல் அவ்வளவு நேரம் திறந்திருந்தால், உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும். ஒரே தண்டு இரண்டு இடத்திலும் நல்லதாக இருக்க முடியாது. மேலே வேண்டுமா, கீழே வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும். கேம் தேர்ந்தெடுப்பது என்றால், எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்று முடிவு செய்வது.

இந்த ஒரு வரி புரிவதற்குக் கார் உலகத்துக்கும் நாளானது. எனக்கும் இருபது வருடம் ஆயிற்று.

ஃபுல் ரேஸ் வந்த கதை

ரேஸ் கேம் என்கிற தொழில் வளர்ந்த இடங்களில் முக்கியமானது கலிஃபோர்னியா. 1920-களில் ஃபோர்டு மாடல் டி காரை வைத்துக்கொண்டு பந்தயம் ஓடிய எட் வின்ஃபீல்டு என்பவர் கார்புரேட்டரும் கேமும் தானே செய்தார். ரொம்பப் பேசாத மனிதர் என்பார்கள். அவரிடம் விஷயம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் எட் இஸ்கெண்டேரியன். ஆர்மீனிய வம்சாவளி, 1921-ல் பிறந்தவர். உலகப் போரில் விமானப் படையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியதும், கேம் வாங்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று, ஒரு பழைய கிரைண்டிங் மெஷினை வாங்கிக் கேம் அரைக்கிற மெஷினாக மாற்றிக்கொண்டார். 1946-ல் கடை ஆரம்பித்தார். அமெரிக்க ரேஸ் உலகத்தில் கேம் என்றால் இஸ்கி என்ற நிலை அப்படித்தான் உருவாயிற்று.

அந்தக் காலத்தில் அங்கே பையன்கள் கையில் இருந்தது 1932-ல் வந்த ஃபோர்டு வி-8 இன்ஜின். வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் பக்கவால்வு ரகம். அதற்குக் கேம் விற்றவர்கள் கொடுத்த பெயர்கள்தான் "அரை ரேஸ்", "முக்கால் ரேஸ்", "ஃபுல் ரேஸ்". காப்பிக் கடையில் லைட், மீடியம், ஸ்ட்ராங் என்று கேட்பதுபோல. இந்தப் பெயர்களுக்குத் திட்டமான அளவு எதுவும் கிடையாது. ஒருவருடைய முக்கால் இன்னொருவருடைய முழுசாக இருக்கும். கேட்கிற பையனுக்கோ, முக்கால் கிடைக்கும்போது அரை எதற்கு என்ற எண்ணம். முழுசு கிடைத்தால் முக்கால் எதற்கு?

டிகிரியில் சொன்னாலும் குழப்பம் தீரவில்லை. வால்வு எந்த இடத்தில் "திறந்தது" என்று கணக்கு? ஒருவர் மயிரிழை தூக்கியதிலிருந்து அளப்பார், இன்னொருவர் இன்னும் கொஞ்சம் தூக்கிய பிறகு அளப்பார். ஒரே கேமுக்கு 280 என்றும் 250 என்றும் சொல்லலாம், இரண்டுமே பொய்யில்லை. பின்னால் அமெரிக்கத் தொழிலில் டாப்பெட் 0.050 அங்குலம் தூக்கியதிலிருந்து அளப்பது பொது வழக்கமாயிற்று. கேம் வாங்குகிறவர் இன்றும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: "எந்த லிஃப்டில் அளந்த டிகிரி இது?"

ஜோராவின் கேம்

பெரிய கம்பெனிகள் இந்த விஷயத்தைப் பையன்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடவில்லை. செவ்ரோலேயில் 1953-ல் வந்து சேர்ந்தவர் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ். பெல்ஜியத்தில் பிறந்த ரஷ்ய வம்சாவளிக்காரர். கண்காட்சியில் முதல் கார்வெட் காரைப் பார்த்து மனதைப் பறிகொடுத்து, கம்பெனிக்குக் கடிதம் எழுதி வேலைக்கு வந்தவர். 1955 செப்டம்பரில் புது மாடல் செவ்ரோலே ஒன்றை, வெளியே தெரியாமல் மாறுவேஷம் போட்டு, பைக்ஸ் பீக் மலைப்பாதையில் தானே ஓட்டிச் சாதனை படைத்தார். அந்தக் குளிர்காலத்திலேயே டேடோனா கடற்கரை மணலில் கார்வெட்டை மணிக்கு 150 மைலுக்கு மேல் ஓட்டினார். அதற்காக அவர் வடிவமைத்த கேம், பார்ட் நம்பரின் கடைசி மூன்று எண்ணால் "097" என்றும், "டன்டோவ் கேம்" என்றும் பெயர் பெற்றது. கம்பெனியே அதை காரில் போட்டு விற்றது.

அதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அதன் லிஃப்ட் சுமார் 0.4 அங்குலம்தான். அசுர கேம் இல்லை. ஆனால் தனியாக வரவில்லை. 1957-ல் 283 கன அங்குல இன்ஜினில், 10.5 கம்ப்ரஷனோடு, பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு சேர்ந்து வந்தது. 283 கன அங்குலத்துக்கு 283 குதிரை சக்தி! கேம், கம்ப்ரஷன், மூச்சுக் குழல், சைலன்சர் எல்லாம் ஒரே ஆர்.பி.எம்.-மைக் குறிவைத்து அமைந்திருந்தன. அதனால்தான் 1963 வரை அது கார்வெட்டில் நின்றது. 1964-ல் அதன் இடத்துக்கு இன்னும் பெரிய கேம் வந்தது. வால்வு இடைவெளி 0.030 அங்குலம் என்பதால் "30-30" என்று பெயர். மேலே சக்தி கூடியது. கீழே உறுமலும் திணறலும் கூடின. விட்டுக்கொடுத்த கணக்கு அது.

அம்பாசடரும் அதன் அண்ணனும்

இனி நம் ஊருக்கு நெருங்கி வருவோம். அம்பாசடருக்கு 1959-ல் வந்த 1489 சி.சி. இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் ரகம். இதே 1489 சி.சி. இன்ஜின்தான் 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. நம்முடையதில் 55 குதிரை சக்தி என்றால், எம்.ஜி.ஏ.-வில் கொஞ்ச நாளிலேயே 72. ஒரே குடும்பம். ஒருவன் ஆபீஸ் குமாஸ்தா, இன்னொருவன் கபடி வீரன்.

வித்தியாசம் எங்கே? இரண்டு கார்புரேட்டர், அதிகக் கம்ப்ரஷன், கேம். பி.எம்.சி.-யின் பழைய மைனர் போன்ற சாதுவான கார்களுக்கு இருந்த கேமின் எண்கள் 5-45-40-10. அதாவது இன்லெட் வால்வு பிஸ்டன் உச்சிக்கு வர 5 டிகிரி இருக்கும்போது திறந்து, அடிமட்டத்தைத் தாண்டி 45 டிகிரியில் மூடும். எக்ஸாஸ்ட் வால்வு அடிமட்டத்துக்கு 40 டிகிரி முன்னால் திறந்து, உச்சியைத் தாண்டி 10-ல் மூடும். ஐந்தும் 180-உம் 45-உம் கூட்டினால் 230 டிகிரி. எம்.ஜி.-யின் கேம் 16-56-51-21. கூட்டினால் 252. மினி கார் ரேஸுக்கு பி.எம்.சி. விற்ற பிரபலமான "649" கேம் 50-70-75-45. அது 300 டிகிரி!

இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நேரத்துக்கு ஓவர்லாப் என்று பெயர். முதல் கேமில் அது 15 டிகிரி, எம்.ஜி.-யில் 37, 649-ல் 95. ஓவர்லாப் கூடினால் மெதுவாக ஓடும்போது புகையும் புதுக் காற்றும் கலந்து, இன்ஜின் "டக... டக டக" என்று ஒழுங்கில்லாமல் அடிக்கும். இளைஞர்களுக்கு அந்தச் சத்தம் சங்கீதம்! எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

இந்த பி.எம்.சி. இன்ஜின்களில் இன்னொரு விஷயமும் உண்டு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே இன்லெட் வழி. நாலு சிலிண்டருக்கு இரண்டே வாசல். கேம் ரொம்பப் பெரிதானால் ஒரு சிலிண்டர் மூச்சு இழுக்கும்போது பக்கத்து சிலிண்டருக்குப் போக வேண்டியதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்து அடுக்களை மாதிரி. ஆகவே வேறு இன்ஜினில் நன்றாக இருந்த கேமின் எண்களை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது.

புதுப்பேட்டை பாய்

இப்போது எங்கள் கதை. நண்பன் ஒருவனின் அப்பா தன் பழைய அம்பாசடரை அவனிடம் கொடுத்திருந்தார். "ஓட்டிக் கெடுத்துடாதே" என்ற ஒரே நிபந்தனையோடு. நாங்கள் அதைச் சோழவரத்தில் ஓட்டுவது என்று தீர்மானித்தோம். சோழவரம் தெரியாத இளைய மாணவர்களுக்கு: உலகப் போர்க் காலத்து விமானத் தளம். அந்த ஓடுபாதைகள்தான் ரேஸ் தடம். வருடா வருடம் சென்னையே திரண்டு போகும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகு அது ஓய்ந்துவிட்டது.

புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன கிரைண்டிங் பட்டறை. பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். வயது அறுபது இருக்கும். யாரோ ஒரு ரேஸ்காரர் விட்டுப்போன பி-சீரிஸ் ரேஸ் கேம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை மாதிரியாக வைத்து நம் கேமை அரைத்துத் தருவார். நாங்கள் போய், "முக்கால் ரேஸ் கேம் வேணும் பாய்" என்றோம். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்த வார்த்தை.

பாய் சிரித்தார். "முக்கால்னா எவ்வளவு தம்பி? எத்தனை ஆர்.பி.எம்.-ல ஓட்டப் போறீங்க? கம்ப்ரஷன் ஏத்தியாச்சா? கார்ப்ரேட்டர் ஒண்ணா, ரெண்டா?"

எங்களிடம் ஒரே கார்ப்ரேட்டர். கம்ப்ரஷன் பழையபடி 7.2-தான். தலையைச் சீவவில்லை, பணம் இல்லை. பாய் யோசித்தார். "அப்படின்னா எம்.ஜி. அளவுக்கே போட்டுத் தரேன். அது போதும். இதுக்கு மேல போனா வண்டி எழுந்திரிக்காது."

"நாங்க இன்ஜினியரிங் ஸ்டூடன்ட்ஸ் பாய், எங்களுக்குத் தெரியும். பெரிசாவே போடுங்க" என்று நான்தான் சொன்னேன். நானேதான்.

150 ரூபாய் பேச்சு. பாதி முன்பணம். நாலு நாளில் கொடுத்தார். கேமோடு ஒரு சீட்டும் கொடுத்தார். பென்சிலில் 40-70-75-35 என்று எழுதியிருந்தது. "புள்ளிய மட்டும் நம்பாதீங்க தம்பி. சக்கரம் வச்சுப் பார்த்து மாட்டுங்க. செயின் பழசு" என்றார். மீதி 75 ரூபாயை ரேஸ் முடிந்ததும் தருகிறோம் என்றோம். சரி என்றார்.

சக்கரம் என்று அவர் சொன்னது டிகிரி சக்கரம். கிராங்கின் முனையில் மாட்டும், 360 டிகிரி கோடு போட்ட தட்டு. எங்களிடம் அது இல்லை. கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டைமிங் பல்சக்கரங்களில் கம்பெனி போட்ட புள்ளிகளை நேருக்கு நேர் வைத்து, செயினை மாட்டி மூடிவிட்டோம்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. என்ன சத்தம்! ஹாஸ்டலே திரண்டு வந்து பார்த்தது. ஆனால் 1400-க்குக் கீழே இறக்கினால் நின்றுவிடும். சோழவரம் போகும் வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சை வைத்துக்கொண்டு கதறவிட வேண்டியிருந்தது. 3500 வரை பிக்கப் என்பதே இல்லை. அதற்கு மேல் ஏதோ வருகிற மாதிரி இருக்கும். ஒற்றைக் கார்ப்ரேட்டர் ஐயாயிரத்தில் மூச்சு விட்டுவிடும். நேர்ப்பாதையில் எப்படியோ போனோம். வளைவில் வேகம் குறைத்துத் திரும்பினால் வண்டி எழுந்திருக்கவில்லை. பாய் சொன்ன அதே வார்த்தை. ஒன்றுமே செய்யாத ஃபியட் கார்கள் ஒவ்வொரு வளைவிலும் எங்களைக் கையாட்டிவிட்டுத் தாண்டின. கடைசிக்கு முந்திய இடம். கடைசியாக வந்தவருக்கு டயர் வெடித்திருந்தது.

திரும்பும்போது காரில் யாரும் பேசவில்லை. ஹாஸ்டலுக்கு வந்ததும் ஒருவன், "பாய் அரைச்சது தப்புடா" என்றான். எல்லோரும் ஒத்துக்கொண்டோம். எவ்வளவு சௌகரியம்! மறுவாரம் பட்டறைக்குப் போய்ச் சண்டை போட்டோம். "கேம் சரியா அரைக்கல, மீதிப் பணம் கிடையாது" என்று நாலு கஸ்டமர் முன்னால் சொன்னோம். பாய் கோபப்படவில்லை. "சக்கரம் வச்சுப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டோம்.

சக்கரம் வைத்துப் பார்த்தபோது

அதன்பின் படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊர். நான் இன்ஜின் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். 1990-களின் நடுவில் நண்பன் தன் வீட்டைக் காலி செய்தபோது, ஷெட்டில் அந்தப் பழைய இன்ஜின் அப்படியே இருந்தது. ரேஸுக்குப் பிறகு வேறு இன்ஜின் போட்டு அப்பாவைச் சமாளித்திருக்கிறான். என் பழைய நோட்டுப் புத்தகத்தில் பாய் கொடுத்த சீட்டும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிகிரி சக்கரமும் டயல் கேஜும் எடுத்துக்கொண்டு போனேன்.

செய்முறையைச் சொல்கிறேன், மாணவர்களுக்குப் பயன்படும். முதலில் உண்மையான உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். உச்சியில் பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாதது போலவே இருக்கும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிஸ்டன் வழியில் ஒரு தடையை வைத்து, கிராங்கை இந்தப் பக்கம் சுற்றி முட்டும் இடத்தையும், அந்தப் பக்கம் சுற்றி முட்டும் இடத்தையும் குறித்தால், நடுப்புள்ளிதான் உச்சி. பிறகு முதல் சிலிண்டர் இன்லெட் டாப்பெட்டில் டயல் கேஜை வைத்து, மூக்கின் சிகரத்துக்கு முன்னும் பின்னும் ஒரே லிஃப்ட் வரும் இரண்டு இடங்களைக் குறித்து, அதற்கும் நடுப்புள்ளி பார்க்க வேண்டும். அதுதான் கேமின் நடு.

பாயின் சீட்டுப்படி இன்லெட்டின் நடு உச்சிக்கு அப்புறம் 105 டிகிரியில் இருக்க வேண்டும். எங்கள் இன்ஜினில் 113. எட்டு டிகிரி தாமதம்! தேய்ந்து நீண்டுபோன செயின் கொஞ்சம், கிராங்க் சாவி உட்காரும் பள்ளம் தேய்ந்தது கொஞ்சம். கேமைக் கழற்றி எட்டு மூக்கையும் தனித்தனியாக அளந்தேன். சீட்டில் எழுதிய எண்ணுக்கும் மூக்குக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. பாய் அரைத்தது அப்பழுக்கில்லாத வேலை.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இன்லெட் 45 டிகிரியில் மூடினால் பிஸ்டன் ஏற வேண்டிய தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயிருக்கும். அதற்கு அப்புறம்தான் அமுக்கவே ஆரம்பிக்கும். 7.2 கம்ப்ரஷன் என்பது நடைமுறையில் 6.5 ஆகும். 70 டிகிரியில் மூடினால் கால் பங்குக்கும் மேல் போயாயிற்று. கம்ப்ரஷன் 5.5. எட்டு டிகிரி தாமதமாகி 78-ல் மூடினால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. கம்ப்ரஷன் 5-ஐ ஒட்டி வந்துவிடும். ஓடி வரும் காற்றின் வேகம் மேலே இதைச் சரிக்கட்டும். கீழே யார் சரிக்கட்டுவார்? பாய் கேட்ட முதல் மூன்று கேள்விகளில் ஒன்று "கம்ப்ரஷன் ஏத்தியாச்சா?" என்பது. அவர் இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டிருக்க மாட்டார். கைக்குத் தெரிந்திருந்தது.

செயினைச் சரியாக மாட்டியிருந்தால் ஜெயித்திருப்போமா? இல்லை. கேமே அந்த இன்ஜினுக்குப் பெரிது. எம்.ஜி. அளவில், சக்கரம் வைத்து மாட்டியிருந்தால் வளைவிலாவது எழுந்திருப்போம். இரண்டு புத்திமதி சொன்னார், இரண்டையும் கேட்கவில்லை.

இன்று பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. இப்போது நம் சங்கத்திலேயே சிலர் பழைய கார் வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். அவர்களுக்கு நாலு வார்த்தை.

முதலில் வண்டி எந்த ஆர்.பி.எம்.-மில் அதிக நேரம் இருக்கப் போகிறது என்று நேர்மையாகப் பாருங்கள். கியரும் டயரும் எடையும் அதைத் தீர்மானிக்கின்றன, ஆசை தீர்மானிப்பதில்லை. இரண்டு கேமுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் சின்னதை எடுங்கள். கம்ப்ரஷன், கார்புரேட்டர், சைலன்சர் மூன்றையும் கேமோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். கேமைச் சில டிகிரி முன்னால் தள்ளினால் கீழே இழுவை கூடும், பின்னால் தள்ளினால் மேலே போகும். நல்ல கேமைத் தாமதமாக மாட்டினால் கெட்ட கேம்தான். புதுச் செயின் போடுங்கள், சக்கரம் வைத்துப் பாருங்கள், தேவையானால் சாய்வுச் சாவி போட்டுச் சரிசெய்யுங்கள்.

பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி இரண்டு சுற்று கையால் சுற்றிப் பார்த்து, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடம் இருக்கிறதா என்று அளங்கள். ஸ்பிரிங் முழு லிஃப்டில் சுருள் சுருளோடு முட்டக் கூடாது. புதுக் கேமை முதல் இருபது நிமிஷம் ஐடிலில் விடாமல் 2000-ஐ ஒட்டி ஓட்டுங்கள். இப்போதைய எண்ணெய்களில் பழைய தட்டை டாப்பெட்டுக்கு வேண்டிய துத்தநாகக் கலவை குறைவு. அதற்கென்று வரும் எண்ணெயைப் பார்த்து வாங்குங்கள்.

இன்றைய மாணவர்கள் "எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை சார்" என்பார்கள். உண்மைதான். ஆல்ஃபா ரோமியோ 1980-லேயே, ஓடும்போதே கேம் டைமிங்கை மாற்றும் ஏற்பாட்டை விற்பனைக் காரில் கொண்டுவந்தது. ஹோண்டா 1989-ல் வி-டெக் மூலம் ஒரே தண்டில் சாதுவான மூக்கையும் முரட்டு மூக்கையும் வைத்து, வேகம் ஏறியதும் மாற்றிக்கொள்ளும்படி செய்தது. எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வியை இப்போது கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி கேட்டுப் பதிலும் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தக் கேள்வி என்னவென்று தெரியாமல் இன்ஜினியர் ஆகக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

பாக்கி

கேமை அளந்த மறுவாரமே புதுப்பேட்டை போனேன். பட்டறை இருந்த இடத்தில் சீட் கவர் கடை. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். "பாய் மவுத்தாகி ஆறேழு வருஷம் ஆச்சு சார், புள்ளைங்க எங்கயோ போயிட்டாங்க" என்றார் எதிரில் பேரிங் விற்பவர். நான் யார் என்று கேட்டார். பழைய கஸ்டமர் என்றேன். கடன்காரன் என்று சொல்ல நா எழவில்லை.

75 ரூபாய் பெரிசில்லை. நாலு பேர் முன்னால் அவர் வேலையைத் தப்பு என்று சொன்னோமே, அதைத் திருப்பி எடுக்க அந்த நாலு பேரும் இப்போது இல்லை. ஆகவே இந்த மலரில், நம் நூற்றுக்கணக்கான நண்பர்கள் முன்னால் சொல்லிவிடுகிறேன்: பாய் சரியாகத்தான் அரைத்தார். தப்பு எங்களுடையது.

தம்பி தங்கைகளே, ஒர்க்‌ஷாப்பில் உங்களுக்கு ஒரு வேலை தவறினால், செய்து கொடுத்தவரைக் குறை சொல்லுமுன் சக்கரம் வைத்துப் பாருங்கள். நம் துறையில் அது ஒன்று இருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள்.